பாம்புக்கும் குளிருமோ?

தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாவைக் கண்டவர்கள் அக்காட்சியை இலகுவில் மறந்துவிடமாட்டார்கள். புல் நுனிகளிலும் தேயிலைக் கொழுந்திலும் உறைபனி வெள்ளுப்பைத் தூவியதுபோலப் படிந்திருக்கும். கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு பிரட்டுக்களத்துக்குச் செல்லும் தோட்டத்து மக்கள், பனியிற் கருகிய கொழுந்தைக் கண்டு பெருமூச்சு விடுவார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள அந்நகரின் ஆண்டுச் சராசரி உஷ்ணம் 16 பாகை அளவினதே. கொழும்பிலோ அது 27 பாகையை எட்டி நிற்கிறது. இக்கட்டுரையிற் கூறப்படும் பாகைகள் யாவும் செல்சியஸ் அளவிலானவை.

இத்தகைய குளிர்ப் பிரதேசத்தில், ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து, பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கனடாவில் வசிக்கும் அவருடைய மாமாவின் மகன் வீட்டிலே பாம்பு வளர்க்கிறானாம். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கொளியிற் சுருண்டு கிடக்கும் அப்பாம்பைக் கைத்தொலைபேசியிற் காட்டினானாம். அதைக் கண்ட நாள் முதல் நம் மாணவருக்கும் ஆசை பிறந்துவிட்டது. லயத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கொத்தும்போது, ஒரு சாண் நீளமான, மண்ணிறப் பாம்பொன்று அகப்பட்டது. அதை அவர் ஒரு கண்ணாடிப் போத்தலில் மண்ணோடு இட்டு, மூடியில் துளையும் வைத்தார். இரவு குளிர் கடுமையாக இருக்கவே, "பாவம், இதற்கும் குளிருமே" என்று இரங்கி, போத்தலை அடுப்படியில் தணலுக்கு அருகில் வைத்துவிட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தபோது பாம்பு இறந்து கிடந்தது.

"பாம்பு செத்ததற்கு அழுகிற பிள்ளையை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்று அவருடைய தாயார் சிரித்தாராம். ஆனால் மாணவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அது குளிர் தாங்காமல் இறந்ததா? அல்லது நான்தான் அதைக் கொன்றுவிட்டேனா?" என்பதே அவருடைய கேள்வி.

நேர்மையான கேள்வி. இதற்கு நேர்மையான விடை கூறவேண்டுமானால், பாம்புக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைச் சற்று விரிவாக ஆராய்தல் வேண்டும்.

குளிர்ந்த இரத்தமா?

பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகியவற்றைக் 'குளிர் இரத்தப் பிராணிகள்' என்று பாடசாலையிற் கற்கிறோம். இப்பெயர் ஓரளவு மயக்கந் தருவது. வெயிலிற் கிடக்கும் பாம்பின் இரத்தம் நம் இரத்தத்துக்குச் சற்றேறக்குறைய நிகராகச் சூடேறியிருத்தலுங் கூடும். வேறுபாடு இரத்தத்தில் இல்லை. அடுப்பு எங்கே எரிகிறது என்பதில் இருக்கிறது. நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் நம் உடலுக்குள்ளேயே எரிந்து வெப்பந் தருகின்றன. பாம்பின் அடுப்போ உடலுக்கு வெளியே, வானத்தில் இருக்கிறது. கதிரவன் சூடாக்கிய கல்லும் மண்ணுமே அதற்குப் போர்வை.

இதனாற் பாம்புக்கு ஓர் இலாபம் உண்டு. உடலைச் சூடாக்க உணவைச் செலவிட வேண்டியதில்லையாகையால், ஒரு முறை உண்டுவிட்டுப் பல நாட்கள் அது பசியின்றி இருக்கிறது. நட்டமும் உண்டு. உடலிற் சூடு ஏறாவிட்டால் அதனால் விரைந்தோட இயலாது. இரை தேட இயலாது. உண்ட இரையைச் செரிக்கவும் இயலாது. குளிரிலே விழுங்கிய இரை வயிற்றில் கிடந்து அழுகிவிடும். பாம்பு அதைக் கக்கிவிடும்.

ஊர்வன யாவும் சூழலின் உஷ்ணத்துக்கு அடிமைகளாய்ச் சும்மா கிடப்பவை என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1944-ம் ஆண்டில் கௌல்ஸ், போகர்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கலிபோர்னியாப் பாலைநிலத்து ஊர்வனவற்றை ஆராய்ந்து வெளியிட்ட நூல் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. வெயிலுக்கு வருவதும், நிழலுக்குச் செல்வதும், மண்ணுக்குள் புகுவதுமாக அவை தம் உடலுஷ்ணத்தை மிகக் குறுகிய எல்லைக்குள் தாமே வைத்துக்கொள்கின்றன என்று அவர்கள் கண்டனர். இன்னும் ஒன்றையும் கண்டனர். ஒரு பிராணி விரும்பும் உஷ்ணத்துக்கும் அதைக் கொல்லும் உஷ்ணத்துக்கும் இடையே உள்ள தூரம் சில பாகைகளே. நிழலுக்குச் செல்ல இயலாதபடி தடுத்துவிட்டால், பாலைவனத்துப் பிராணியே ஆயினும் பாலைவன வெயிலிற் சில நிமிடங்களில் மடிந்துவிடும்.

இவ்விதிக்கு விலக்கான ஒரு தாயும் உண்டு. நம் நாட்டிலே வெங்கணாந்தி என்றும் வழங்கப்படும் மலைப்பாம்பு, முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு, தசைகளைத் துடிக்கச் செய்து, அதனாற் பிறக்கும் வெப்பத்தால் அடைகாக்கிறது. அதன் இனத்தைச் சார்ந்த பர்மிய மலைப்பாம்பு ஒன்றை நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலையில் வைத்து ஆராய்ந்தவர்கள் 1966-ம் ஆண்டில் இதை அளந்து நிறுவினர். சுற்றுப்புறம் குளிரக் குளிர அத்தாயின் துடிப்பு மிகுந்தது. அதன் உடல் சூழலைவிடச் சில பாகை கூடுதலாகச் சூடேறியிருந்தது. பெயர்தான் மலைப்பாம்பு, எனினும் நம் நாட்டில் அது பெரிதும் வாழ்வது தாழ்நிலக் காடுகளிலும் நீர்நிலையோரங்களிலுமே.

மலைச்சரிவே ஒரு வீடு

அப்படியாயின் நம் மலைநாட்டுப் பாம்புகள் எவ்வாறு வாழ்கின்றன? தேயிலை மலையைப் பாம்பின் கண் கொண்டு பார்த்தால் விடை கிடைக்கும்.

சரிவிலே மண் கரையாதபடி கட்டப்பட்ட கல்லணைகள் காலை வெயிலைக் குடித்து வைத்துக்கொள்கின்றன. மாலையிற் காற்றுக் குளிர்ந்த பின்னும் அக்கற்களின் இடுக்கிலே வெதுவெதுப்பு எஞ்சியிருக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் நிழல் நீங்கி வெயில் தரையைத் தொடுகிறது. அடுத்த மலையிலோ கொழுந்துச் செடிகள் நெருங்கி நின்று நிழல் தருகின்றன. மாட்டுப்பட்டிக்கு அருகிலுள்ள எருக்குவியல் உள்ளுக்குள் மக்கிச் சூடு பிடித்திருக்கிறது. தண்ணீர் ஓடும் கானோரம் எப்பொழுதும் குளிர்ச்சி. ஆக, ஓர் ஏக்கர் நிலத்துக்குள்ளேயே வெப்பமும் தட்பமும் பல படிகளில் விரிந்து கிடக்கின்றன. பாம்பு செய்வதெல்லாம், வேண்டியபொழுது வேண்டிய படிக்கு நகர்வதுதான்.

மாணவரின் பாத்தியில் அகப்பட்டது, அவருடைய விவரத்தைக் கொண்டு நோக்குகையில், சிங்கள அயலவர் 'மெடில்லா' என்று அழைக்கும் சிறு மண்பாம்பாக இருத்தல் கூடும். நுவரெலியாவின் காய்கறித் தோட்டங்களிலும் எருக்குவியல்களிலும் இது சாதாரணமாகக் காணப்படுவது. மண்புழுவைத் தின்று வாழும் இப்பாம்பு மனிதருக்கு எவ்வித தீங்கும் செய்யாதது. இப்பேரினத்துச் சிறு பாம்புகள் இலங்கையை அன்றி வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை என்பது நாம் பெருமையோடு நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி. குளிர்ந்த ஈரமண்ணே அதன் தாய்வீடு. நமக்குப் பல் கிட்டும் இரவு அதற்கு வழக்கமான இரவே. மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கிவிட்டால் உறைபனியும் அதை எட்டாது.

எல்லாப் பாம்புகளும் இத்துணைச் சாதுவானவை அல்ல. தேயிலைச் செடியின் பச்சையோடு பச்சையாய் மறைந்திருக்கும் பச்சை விரியனும், சருகின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும் கூம்புமூக்குக் குழிவிரியனும் நம் மலைகளில் உள்ளன. பின்னதைச் சிங்கள மக்கள் 'குனகட்டுவா' என்பர். இலங்கையிற் கூடுதலானோரைக் கடிக்கும் விஷப்பாம்புகளில் இக்குழிவிரியன் முதன்மையானது. கொழுந்து பறிக்கும் கையும் புல்லறுக்கும் கையும் நாள்தோறும் இவற்றின் வீட்டுக்குள்ளேதான் நுழைகின்றன. இதைப்பற்றிப் பின்னர் கூறுவோம்.

எமது குஞ்சுப் பெட்டி

இங்கே எமது இளமைக்கால அநுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். லயத்திலே கோழிக்குஞ்சு வளர்ப்பதற்காக மரப்பெட்டியொன்றில் மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். குஞ்சுகளே எமக்கு உஷ்ணமானி. குளிர்ந்தால் குமிழின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கும். சூடு மிகுந்தால் பெட்டியின் மூலைக்கு ஓடி வாயைப் பிளந்து மூச்சிரைக்கும். அளவாயிருந்தால் எங்கும் பரவி இரை கொத்தும்.

ஒரு நாள் இரவு காற்றும் மழையும் கடுமையாக இருந்தன. குஞ்சுகள் நடுங்குமே என்று பெட்டியை மேலிருந்து கீழ்வரை சாக்கினால் இறுக மூடிவிட்டோம். விடிந்தபோது பாதிக் குஞ்சுகள் மூலைகளில் மடிந்து கிடந்தன. குமிழ் பழைய குமிழ்தான். அதன் சூடும் பழைய சூடுதான். முன்பு குஞ்சுகளுக்கு ஓடுவதற்கு ஒரு குளிர்ந்த மூலை இருந்தது. அன்றிரவு நாம் அந்த மூலையை இல்லாமற் செய்துவிட்டோம். அவ்வளவே.

பாம்பு வளர்ப்பில் வெப்பத்தைப் பற்றி அறியவேண்டியதில் பாதி இக்கதைக்குள் அடங்கிவிடுகிறது. மற்றப் பாதி யாதெனில், குஞ்சு கத்தும், பாம்பு கத்தாது.

கண்ணாடிப் பெட்டியின் இரு முனைகள்

இனிக் கனடாவிலுள்ள அக்கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம். கனடாவிலும் இங்கிலாந்திலும் வீடுகளில் வளர்க்கப்படும் பாம்புகள் பெரும்பாலும் இரண்டு வகையின. ஒன்று, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சார்ந்த சோளப்பாம்பு. மற்றது, மேற்கு ஆபிரிக்காவைச் சார்ந்த பந்துமலைப்பாம்பு. அஞ்சினாற் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் இப்பெயர் பெற்றது. இரண்டும் விஷமற்றவை, வளர்ப்பிடங்களிலே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டவை. வெளியே உறைபனி கொட்டும் நாட்டில் இவற்றுக்குச் செயற்கை வெப்பம் இன்றியமையாதது.

நன்கறிந்தவர்கள் பெட்டி முழுவதையும் சூடாக்குவதில்லை. ஒரு முனையை மட்டும் சூடாக்கி, மறுமுனையைக் குளிர்ச்சியாக விடுவர். சோளப்பாம்பாயின் சூடான முனை ஏறத்தாழ 29 முதல் 31 பாகை, குளிர்ந்த முனை 22 முதல் 24 பாகை. பந்துமலைப்பாம்பாயின் சூடான முனை 31 முதல் 33 பாகை, குளிர்ந்த முனை 25 முதல் 27 பாகை. இரு முனையிலும் பாம்பு ஒளிந்துகொள்ள ஒவ்வோர் ஓட்டையோ பெட்டியோ வைத்தல் அவசியம். ஒளிவிடம் சூடான முனையில் மட்டும் இருந்தால், அச்சங்கொண்ட பாம்பு சூட்டைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். குளிர்ந்த முனையில் மட்டும் இருந்தால், உண்ட இரை செரியாமல் துன்புறும். அச்சமின்றி நகர முடிந்தால்தான் தெரிவு என்பது உண்மையான தெரிவாகும்.

வெப்பந் தரும் சாதனங்கள் சில வகைப்படும். பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடும்படி விரிக்கும் மின்பாய் ஒன்று. மேலிருந்து வெப்பம் வீசும் விளக்கு மற்றொன்று. விளக்காயின் பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளாதபடி கம்பிக்கூடு இட்டு மறைத்தல் வேண்டும். மூன்றாவதாக, உள்ளே மின்கம்பி வைத்த செயற்கைக் கல் ஒன்று ஒரு காலத்தில் கடைகளில் மலிவாக விற்கப்பட்டது. அதனால் வயிறு வெந்த பாம்புகள் பல.

சுடும் கல்லை விட்டுப் பாம்பு ஏன் விலகிச் செல்வதில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். இயற்கையிற் பாம்புக்கு வெப்பம் கதிரவனிடமிருந்து பரந்து வருகிறது. தீக்கொள்ளிபோல ஓரிடத்திற் குவிந்த சூட்டை அதன் முன்னோர் கண்டதில்லை. அறை முழுதும் குளிர்ந்திருக்க ஒரு கல் மட்டும் சுட்டால், பாம்பின் உட்சரீரம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. உடல் 'இன்னும் வேண்டும்' என்கிறது; தோலோ வெந்துகொண்டிருக்கிறது. அது அங்கேயே கிடக்கிறது. வளர்ப்பவர் புண்ணைக் காணும்போது காலங் கடந்துவிடுகிறது.

ஆகையால் எந்தச் சாதனமாயினும் அதற்கொரு காவலன் வேண்டும். அக்காவலனே தெர்மோஸ்டாட் என்னும் வெப்பச் சீராக்கி. இதன் தத்துவம் நம் வீட்டு மின்னழுத்தியில் உள்ளதுதான். உணர்கருவி ஒன்று சூடான இடத்தில் இருந்து உஷ்ணத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும். குறித்த பாகை வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும். குறைந்ததும் மீண்டும் செலுத்தும். விளக்குகளுக்கு, மின்சாரத்தை அடியோடு நிறுத்தாமற் படிப்படியாகக் குறைக்கும் வகையே சிறந்தது. உணர்கருவியை எங்கே வைக்கிறோம் என்பது மிக முக்கியம். அது இடம் பெயர்ந்து குளிர்ந்த முனைக்குப் போய்விட்டால், அங்கே இன்னும் குளிர்கிறது என்று எண்ணி, சூடான முனையை எரித்துக்கொண்டேயிருக்கும். ஆதலால் அதை நன்கு பொருத்திவைப்பதோடு, இரு முனைகளிலும் தனித்தனியே உஷ்ணமானி வைத்து நாள்தோறும் பார்த்தல் வேண்டும். கையை வைத்துப் பார்த்து "அளவாக இருக்கிறது" என்பது அளவை ஆகாது.

தோட்டத் தொழிற்சாலையிலே தேயிலை உலர்த்தும் இயந்திரத்தை மேற்பார்வை செய்பவரை மாணவர்கள் கண்டிருப்பர். அவருடைய கண் வெப்பமானியை விட்டு அகலாது. சூடு குறைந்தாற் கொழுந்து புழுங்கிக் கெடும், மிகுந்தாற் கருகும். நல்ல தேயிலைக்கு வேண்டிய அதே கண்ணே பாம்புப் பெட்டிக்கும் வேண்டும். ஒரு வேறுபாடு: கெட்ட தேயிலையைக் கொட்டிவிடலாம்.

குளிர் மெல்லக் கெடுக்கும். சூடு விரைந்து கொல்லும். இவ்வொரு வரியை மனத்தில் இருத்திக்கொண்டால் பல தவறுகள் நேரா. நாட்கணக்கில் குளிரிற் கிடக்கும் பாம்புக்குச் சுவாச நோய் வரும், மூக்கிலும் வாயிலும் சளி தோன்றும், இரையைக் கக்கும். இவையெல்லாம் கவனித்துத் திருத்தக்கூடியவை. ஆனால் உடல் 38 பாகையைக் கடந்து ஏறத் தொடங்கிவிட்டால் திருத்துவதற்கு நேரம் கிடைப்பதரிது.

மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? நம் நாட்டில் 2022-ம் ஆண்டில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்ததை நாம் மறக்கவில்லை. இரவில் இரண்டொரு பாகை குறைவது பாம்புக்கு இயல்பே. நெடுநேரமாயின், காற்றோட்டத்தை அடைக்காமற் பெட்டியைக் கம்பளியாற் சுற்றி, வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் பொதிந்து வெளிப்புறத்தில் ஒரு முனையில் மட்டும் வைக்கலாம். சூடு திரும்பும்வரை இரை கொடுத்தலாகாது. மூடிய அறையில் கரிச்சட்டியைக் கொண்டுவந்து வைப்பது கூடவே கூடாது. அதன் நச்சுப்புகை பாம்பை மட்டுமன்றி உறங்கும் குடும்பத்தையே கொன்றுவிடும். இது பாம்பு வளர்க்காத லயத்து வீடுகளுக்கும் பொருந்தும் எச்சரிக்கை.

மின்குமிழை மரப்பெட்டியிலோ பழைய செய்தித்தாளின் அருகிலோ தொங்கவிடுவதும், ஒரே இணைப்பில் பல கம்பிகளைச் செருகுவதும் அதைப்போன்றே ஆபத்தானவை. மின்னொழுக்கினால் லயன் அறைகள் வரிசையாக எரிந்த செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். குஞ்சுப் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்றே ஒருமுறை கம்பியையும் குமிழையும் பார்த்துக்கொள்ளட்டும்.

பானையிலே பாதுகாப்பு

பாம்பை வைத்துப் பேணுவது பொழுதுபோக்குக்காக மட்டும் அன்று. மனித உயிரைக் காக்கவும் அது வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள வடநெம்மேலியில் இருளர் சமூகத்தவரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ம் ஆண்டில் நிறுவப்பட்டது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதால் பிழைப்பிழந்த அம்மக்கள், ரொமுலஸ் விட்டேக்கர் என்னும் ஊர்வன ஆய்வாளரின் துணையோடு, தம் முன்னோர் கலையை உயிர்காக்கும் தொழிலாக மாற்றிக்கொண்டனர். பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, பல தடவை விஷம் எடுத்தபின், அடையாளமிட்டு மீண்டும் காட்டிலே விட்டுவிடுவர்.

அங்கே கண்ணாடிப் பெட்டி இல்லை, மின்பாயும் இல்லை. வாயைத் துணியாற் கட்டிய மண்பானைகளே பாம்பின் தற்காலிக இல்லங்கள். சென்னைக் கரையோர வெயிலில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. சித்திரை வைகாசியில் அதனின்றும் காப்பதே வேலை. நமக்குத் தண்ணீரைக் குளிர்வித்துத் தரும் அதே மண்பானை பாம்பையும் காக்கிறது. வெளிநாட்டு அறிவைக் கடன் வாங்கும்போது நம் ஊரின் உஷ்ணத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. தெகிவளை மிருகக்காட்சிச்சாலைப் பாம்புக்குக் கொழும்புக் காற்றே போர்வை. அதே பாம்பை நுவரெலியாவிற் கொண்டுவந்து வைத்தால் அதற்கு அடுப்பு வேண்டும். கனடாவின் கணக்கு ஹட்டனுக்கு உதவாது. ஹட்டனின் கணக்கு மன்னாருக்கு உதவாது.

அவ்வாறு எடுக்கப்படும் விஷத்திலிருந்தே இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்யப்படுகிறது. நம் நாட்டு வைத்தியசாலைகளிலும் நெடுங்காலமாக இந்திய மருந்தே பயன்பட்டு வந்திருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு ஏற்பச் செய்யப்பட்ட அம்மருந்து, நம் மலைநாட்டுக் குழிவிரியனின் விஷத்தை முறிப்பதற்கு உரியதன்று. இக்குறையை நீக்கும்பொருட்டே, நம் நாட்டுப் பாம்புகளின் விஷத்தைக்கொண்டு புதிய மருந்து உருவாக்கும் முயற்சியிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தினர் வெளிநாட்டு அறிஞரோடு சேர்ந்து ஈடுபட்டனர். விஷம் வேண்டுமாயின் பாம்பு வேண்டும். பாம்பு நலமாக இருக்கவேண்டுமாயின் அதன் இருப்பிடத்தில் வெப்பமும் தட்பமும் அளவாக இருத்தல் வேண்டும். கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் உயிருக்கும், ஆய்வுகூடத்துப் பெட்டியொன்றின் உஷ்ணமானிக்கும் இடையே இத்தகைய தொடர்பு இருக்கிறது.

அம்மருந்து கைக்கு வரும்வரையும், வந்த பின்னும், பாம்பு கடித்தாற் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதலே வழி.

மாணவருக்கு விடை

இப்பொழுது நம் மாணவரின் கேள்விக்கு வருவோம்.

தம்பி, உமது பாம்பு குளிரால் இறந்ததாக நாம் எண்ணவில்லை. குளிர்ந்த மண்ணில் வாழப் பிறந்த ஒரு பிராணியை, நகர்ந்து செல்ல ஓர் அங்குல இடமும் இல்லாத போத்தலில் இட்டு, தணலின் முன் வைத்தீர். எமது சாக்கு மூடிய பெட்டியும் உமது போத்தலும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள். இரண்டும் அன்பினாற் செய்யப்பட்டவை. இரண்டிலும் அறிவு குறைந்திருந்தது. உமக்கு வந்த துக்கம் நல்ல துக்கம். பாம்பைக் கண்டவுடன் தடியைத் தேடும் ஊரிலே, அதற்கும் குளிருமே என்று நினைத்த உள்ளம் பழுதானதன்று.

ஆயினும் இன்னொரு பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். நம் நாட்டுப் பாம்பினங்களிற் பெரும்பாலானவை 1937-ம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும் பின்வந்த திருத்தங்களாலும் காக்கப்பட்டவை. அனுமதியின்றி அவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. சருகிலே கிடப்பது மெடில்லாவா குழிவிரியனா என்று பிரித்தறிவதற்குள் விரல் கடிபட்டுவிடலாம். பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் பிள்ளைகளை விலக்கி, அது வெளியேற வழி திறந்துவிடுங்கள். இயலாவிடில் வனவிலங்குத் திணைக்களத்தாருக்கு அறிவியுங்கள்.

உமது ஆர்வத்துக்கு வேறொரு வேலை தருகிறோம். பாடசாலையில் ஓர் உஷ்ணமானியைக் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உமது லயத்தைச் சுற்றி அளந்து பாரும். விடியற்காலைப் புல்தரை, வெயில் விழும் கல்லணையின் மேற்புறம், அதே கல்லின் நிழற்புறம், எருக்குவியலின் உட்பகுதி, கானோரத்து மண், நண்பகலில் தகரக்கூரையின் அடிப்புறம் ஆகியவற்றின் உஷ்ணத்தை நேரங்குறித்து எழுதும். கல்லிடுக்கிலும் சருகிலும் வெறுங்கையை விடவேண்டாம்; நீண்ட குச்சியிற் கட்டி நீட்டும். மாலையில் அவ்வெண்களைத் தோட்டத்தின் ஒரு படத்திற் குறித்துவிட்டால், காலையிலிருந்து மாலை வரை ஒரு பாம்பு எவ்வழியே சென்றிருக்கும் என்பது உமக்குத் தானே விளங்கும். எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் அமைக்க முடியாத வெப்பச் சீராக்கி உமது வீட்டுப் பின்புறத்திலேயே இருப்பதைக் காண்பீர்.

அப்படத்தின் பிரதியொன்றை எமக்கும் அனுப்பிவையும். உமது மாமாவின் மகனுக்கும் ஒன்று அனுப்பும். பெட்டியின் இரு முனைகளிலும் உஷ்ணமானி இருக்கிறதா என்று கேட்டு எழுத மறந்துவிட வேண்டாம்.